மூடப்படாத வடிகாலும் மூடப்பட்ட புகாரும்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் வட சென்னையில் வசிக்கிறேன். வயது 20. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்; குரூப் 4 தேர்வுக்கும் தயாராகி வருகிறேன். எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. மூடி போடவில்லை. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. போன மழையில் ஒரு பெரியவர் அதில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து மூன்று முறை புகார் செய்தோம். மூன்று முறையும் 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது, புகார் மூடப்பட்டது. நேரில் போனால், "பெண் பிள்ளைகள் படிக்கிற வேலையைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இருவர் விலகிவிட்டார்கள். மீதிப் பேர் சாலை மறியல் செய்யலாம் என்கிறார்கள். "ஒரு கேஸ் விழுந்தால் அரசு வேலை போய்விடும், நமக்கேன் வம்பு" என்று அம்மா அழுகிறார். பெங்களூரில் இருக்கும் அண்ணன், "அந்த ஊரில் எதுவும் மாறாது, படிப்பை முடித்துவிட்டு இங்கே வந்துவிடு" என்கிறான். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு வடிகாலுக்கு மூடி போட வைக்க முடியாத எனக்கு இந்த ஊரில் என்ன எதிர்காலம் இருக்கிறது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

முதலில் உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் அழுதுகொண்டிருக்கும்போது உங்களுக்கு வேறு எந்த யோசனை சொன்னாலும் வீட்டுக்குள் நுழையாது.

புகார் கொடுப்பதற்கும், மனு எழுதுவதற்கும், தகவல் கேட்பதற்கும், கவுன்சிலரைப் பார்த்துப் பேசுவதற்கும் யார் மீதும் வழக்குப் போட முடியாது. நீங்கள் ஐந்து பேரும் இதுவரை செய்த எதுவும் எந்தத் தேர்வாணைய விண்ணப்பத்திலும் எழுத வேண்டிய விஷயம் அல்ல. இதை உங்கள் அம்மாவிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள். இருபத்தாறு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கும் ஒரு பெண் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மறியல் அப்படியல்ல. அங்கே உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சென்னையில் பொது இடத்தில் கூடுவதற்குக் காவல் துறையின் முன் அனுமதி வேண்டும். 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியோடு வள்ளுவர் கோட்டத்திலோ சேப்பாக்கத்திலோ ஆர்ப்பாட்டம் நடத்துவது ஒன்று, அனுமதியில்லாமல் பஸ் போகும் சாலையில் உட்காருவது வேறொன்று. பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, மாலையில் விட்டுவிடுவார்கள். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அன்று எழுதிக்கொண்ட பெயர்களை வைத்து முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கலாம். வேலைக்கான சரிபார்ப்பு வரும்வரை அது தெரியாமலேயே இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி, பணி ஆணை கைக்கு வர இருந்த வாரத்தில் என் அலுவலகத்துக்கு வந்து, 'எனக்கே தெரியாதம்மா' என்று திரும்பத் திரும்பச் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை.

சட்டம் இளைஞர்களுக்கு முற்றிலும் விரோதமாகவும் இல்லை. அரசு உத்தரவை மீறியதாகச் சொல்லும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவின்கீழ் காவல் துறை தானாக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, அமைதியாகக் கூடியவர்கள் மீதான பல வழக்குகளை ரத்து செய்தது. வேலைக்கான படிவத்தில் வழக்கு விவரத்தை மறைத்தவர்கள் பற்றிய அவதார் சிங் வழக்கில், 2016இல் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறிய விஷயத்தைப் பெரிதுபடுத்தாமல் விட வேலை தருபவருக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனால் ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். விடுவதும் விடாததும் வேலை தருபவரின் முடிவு. காவலர் பணிக்கான விதிகளோ இன்னும் கடுமையானவை. எப்போதாவது உங்கள் மீது வழக்குப் பதிவானால் அதைப் படிவத்தில் மறைக்காதீர்கள். மறைத்ததால் வேலை போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த வடிகாலுக்காக மறியல் வேண்டாம். பயத்தால் இதைச் சொல்லவில்லை. மறியலால் கிடைக்கக்கூடியது ஒரு நாள் கவனம். உங்களுக்கு வேண்டியதோ ஒரு காகிதம். எந்தக் காகிதம் என்று சொல்கிறேன்.

உங்கள் புகார் ஏன் மூன்று முறையும் மூடப்பட்டது? அலட்சியம் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரில் பாதிப் புகார்கள் அதில்தான் செத்துப்போகின்றன என்பது என் அனுபவம். சென்னையில் தண்ணீர் ஓடும் ஒவ்வொரு வழிக்கும் வேறு வேறு சொந்தக்காரர்கள். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. அதன் பக்கத்திலேயே போகும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துக்கு. இவை போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாய் நீர்வளத் துறைக்கு. சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் ஓரத்து வடிகாலும் அவர்களுடையதாக இருக்கலாம். வட சென்னையின் சில பகுதிகளில் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தின்கீழ் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வடிகால்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே திட்டப் பிரிவும் வேறு, ஒப்பந்ததாரரும் வேறு. நீங்கள் 'வடிகால் மூடி இல்லை' என்று எழுதும்போது, அதைப் பெறுபவர் 'இது எங்களுடையது அல்ல' என்று நினைத்தால் புகாரை மூடிவிடுவார். அவர் திரையில் அது முடிந்த வேலை.

எனவே முதல் கேள்வி, இந்த வடிகால் யாருடையது என்பதுதான். இதைக் கேட்பதற்குத்தான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் கேட்கவும் கூடாது. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை இல்லை. தங்களிடம் இல்லாத தகவலை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. யாருடையது என்று தெரியாமல் தவிக்கும் ஒருவருக்கு அந்தச் சட்டத்தில் இதைவிட உதவியான பிரிவு இல்லை. 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'ஏன் மூடி போடவில்லை?' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. இருக்கிற ஆவணத்தைத்தான் தருவார்கள். அதனால் ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தெருவின் வடிகால் பணிக்கான வேலை உத்தரவின் நகல், அதில் உள்ள முடிவுத் தேதி, ஒப்பந்ததாரருக்கு இதுவரை கொடுத்த பட்டியல் (பில்) தொகை, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் அந்த வேலைக்கான பக்கங்கள், குறைபாடுகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் எப்போது முடிகிறது என்ற விவரம். உங்கள் மூன்று புகார்களின் பதிவு எண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடியபோது வைத்த கள ஆய்வுக் குறிப்பையும் புகைப்படத்தையும் கேளுங்கள். பொறியாளர் ஒருவர் அளந்து கையெழுத்திட்டால்தான் பட்டியல் தொகை வெளியேறும். மூடி போட்டதாக அளவுப் புத்தகத்தில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம்தான் உங்கள் கையில் உள்ள ஆயுதம். எழுதியிருக்கவில்லை என்றால், வேலை முடியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகிறது. இரண்டில் எது வந்தாலும் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தைவிட முன்னே போயிருப்பீர்கள்.

அந்தச் சட்டத்தின்கீழ் பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும்கூடக் குடிமக்களுக்கு உரிமை உண்டு. இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. வணிகவியல் படிக்கிறீர்கள், கணக்கைப் பார்க்கப் பழகியவர். உங்களைப் போன்றவர்கள் கேட்டால் பதில் எழுதுபவர் இரண்டு முறை யோசிப்பார்.

பதில் வரவில்லையென்றாலோ மழுப்பலாக வந்தாலோ 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குப் பிறகு 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் காலம் நீளும், அதை மறைக்க விரும்பவில்லை. பல நேரங்களில் முதல் மேல்முறையீட்டிலேயே பொறியாளர் தொலைபேசியில் கூப்பிடுவார், அல்லது ஒரு காலையில் ஆட்கள் வந்து மூடி போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு எச்சரிக்கை. விண்ணப்பதாரரின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றாலும் தெரிந்துவிடுகிறது. அதனால் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் அனுப்பாதீர்கள். சட்டம் தனிமனிதர் பெயரில்தான் கேட்கச் சொல்கிறது. ஆகவே நான்கைந்து பேர் தனித்தனியாக, ஆளுக்கு ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். அவர்களில் ஒருவராவது தெருவில் மதிப்புள்ள பெரியவராக இருக்கட்டும். கால் உடைந்த பெரியவரின் வீட்டில் ஒருவர் முன்வந்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. எந்த அலுவலகத்துக்கும் தனியாகப் போகாதீர்கள், கொடுக்கும் எதற்கும் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இப்போது என் கதை ஒன்று. 2003 கோடை. சென்னையில் குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் தெருவுக்கு ஒதுக்கிய தண்ணீர் லாரி பல நாள் வராது. வந்தாலும் பாதித் தெருவோடு திரும்பிவிடும். நான் அப்போது புதிதாகப் பதிவு செய்த வழக்கறிஞர். கோபத்தோடு முப்பது பெண்களைக் காலிக் குடங்களுடன் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மறுநாள் இரண்டு லாரி வந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. எதிர் வீட்டில் தையல் வேலை செய்த ஓர் அக்கா, அன்று முதல் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினார். தேதி, லாரி எண், வந்த நேரம், கிளம்பிய நேரம், எத்தனை வீட்டுக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினார். அந்த நோட்டை மேசையில் வைத்தபோது அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். பிறகு எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். தமிழ்நாட்டில் தகவல் உரிமைக்கென 1997லேயே ஒரு மாநிலச் சட்டம் இருந்தது. ஆனால் விதிவிலக்குகள் மிகுந்த அந்தச் சட்டத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. அக்காவின் நோட்டுதான் எங்களுக்கு ஆவணம். இன்று உங்கள் கையில் அதைவிட வலுவான சட்டம் இருக்கிறது.

கூட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய பிள்ளைகளைப் பார்த்து நான் பெருமைப்பட்டவள். ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டமும் வந்தது. கடைசி நாளில் கலைக்கப்பட்ட விதமும் நினைவில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகும் சோற்றுப் பொட்டலமுமாகத் தெருத்தெருவாக வந்தவர்களும் இளைஞர்கள்தான். ஆனால் அந்த நாட்கள் ஒரு தவறான எண்ணத்தையும் விட்டுச் சென்றிருக்கின்றன. லட்சம் பேர் கூடி ஒரு வாரத்தில் மாறினால்தான் மாற்றம், இல்லையென்றால் எதுவும் மாறவில்லை என்ற எண்ணம். உங்கள் தோழிகள் இருவர் விலகியதற்கும், நீங்கள் மனம் சோர்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வடிகால் மூடி ஒரு வாரத்தில் வருகிற விஷயமல்ல. அதற்காக நடக்காத விஷயமும் அல்ல.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பதிவான வாக்குகள் 44 சதவீதத்துக்கும் குறைவு. மொத்தம் 200 வார்டுகள், சராசரியாக ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் வாக்காளர்கள். அதில் பாதிக்கும் குறைவானவர்கள் வாக்களித்தால், சில நூறு குடும்பங்கள் நினைத்தால் ஒரு வார்டின் முடிவை மாற்றிவிடலாம். உங்களிடம் 'படிக்கிற வேலையைப் பார்' என்று சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்; உங்களுக்கும் தெரிய வேண்டும். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் சரியான முகவரியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தோழிகளுடையதையும் பாருங்கள். 18 வயது நிறைவதைக் கணக்கிட இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் இருக்கின்றன; 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். உங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அந்தத் தேர்தலில் வட சென்னையிலிருந்து தேர்வாகி மேயரான ஆர். பிரியாவுக்கு அப்போது வயது 28. கவுன்சிலராகப் போட்டியிட 21 வயது போதும். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. நீங்கள் போட்டியிட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மாமன்ற அறையில் உங்களைப் போன்றவர்களுக்கு இடம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

வார்டுக்குள்ளேயே பகுதி சபை என்ற ஒன்று 2022 நவம்பர் 1 முதல் கூட்டப்படுகிறது. அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போகலாம். கூட்டம் எப்போது நடந்தது, என்ன தீர்மானம் எழுதப்பட்டது என்பதும் கேட்டுப் பெறக்கூடிய ஆவணமே. உங்கள் வடிகால் அந்தக் குறிப்பேட்டில் ஒரு வரியாக ஏறட்டும். வாயால் சொன்னது மறந்துபோகும்.

பெங்களூர் போவதா என்ற கேள்விக்கு வருகிறேன். போக வேண்டிய வேலை கிடைத்தால் போங்கள். ஊரை விட்டுப் போவது துரோகம் அல்ல. இங்கேயே இருந்தால்தான் குடிமகள் என்றும் இல்லை. ஆனால் 'எதுவும் மாறாது' என்பதைக் காரணமாக வைத்துப் போகாதீர்கள். அந்த எண்ணம் உங்களோடு பெங்களூருக்கும் வரும். அங்கேயும் தெருமுனையில் ஒரு வடிகால் திறந்துதான் கிடக்கும்.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. இந்தக் காரியம் உங்களை நம்பி மட்டும் நிற்கக் கூடாது. உங்கள் அம்மா ஏதாவது மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறாரா? தெருவில் அப்படி ஒரு குழு நிச்சயம் இருக்கும். மாதம் தவறாமல் கூடுகிற, கணக்கு எழுதுகிற, கையெழுத்துப் போடுகிற பத்துப் பன்னிரண்டு பெண்கள். நோட்டும் கோப்பும் அவர்களிடம் இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர்கள் அனுப்பட்டும். அம்மாவை ஒதுக்கிவிட்டு இதைச் செய்யப் பார்த்ததால்தான் அவருக்கு இவ்வளவு பயம் என்பது என் ஊகம். அந்தத் தெருவில் உங்களைவிட அதிக நாள் தண்ணீரில் நின்றவர் அவர். முதல் விண்ணப்பத்தில் அவரையே கையெழுத்திடச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் நேரத்துக்கும் ஓர் எல்லை வையுங்கள். வாரத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும். மீதி நேரம் தேர்வுக்கு. படிப்பைக் கெடுத்துக்கொண்டு செய்தால் அம்மா சொன்னதே சரி என்று ஆகிவிடும், அதற்குப் பிறகு உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணையும் இப்படி வெளியே விட மாட்டார்கள்.

காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தைச் சுற்றி இன்றே தடுப்பு வைக்கச் சொல்லி மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் 'உயிர் ஆபத்து' என்று குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பெரியவரின் மருத்துவச் சீட்டுகளையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள்; பராமரிப்பில்லாத பள்ளத்தில் விழுந்தவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி மையத்தைக் கூப்பிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

விண்ணப்பத்தை அனுப்பிய தேதியை எனக்கு எழுதுங்கள். முப்பதாவது நாள் வரை ஒன்றும் வரவில்லை என்றால், முதல் மேல்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன்.